18 டிகிரிக்குப் பயப்படும் ஊர்

கார்த்திகை மழை ஓய்ந்து வானம் தெளிந்த முதல் வாரத்திலேயே சித்தூரிலும் திருப்பதியிலும் தீர்ப்பு வாசித்துவிடுவார்கள்: தை முடியும்வரை சைக்கிள் கூடாது. வாசிப்பவர்கள் யாரும் விரோதிகள் இல்லை. பக்கத்து வீட்டுப் பெரியவர், ஆபீஸ் நண்பர், மருந்துக் கடைக்காரர், வேலூரிலிருந்து போன் போடும் அத்தை என்று எல்லாரும் வேண்டியவர்கள். "பனி தலையில இறங்கும்." "நெஞ்சுல சளி கட்டிக்கும்." "நாப்பதைத் தாண்டினவங்களுக்குக் குளிர்லதான் மாரடைப்பு வருதாம்." "பனிமூட்டத்துல லாரிக்காரனுக்குக் கண்ணு தெரியாது." இவ்வளவும் சொல்லி முடித்த பிறகு, குரலை இறக்கி, உள்ளே இருந்த காரணம் வெளியே வரும்: "கார் வாங்கி நிறுத்தி வெச்சிருக்கீங்க. இன்னும் எதுக்கு சார் இந்தக் கஷ்டம்?"

இந்தப் பேச்சு அக்கறையிலிருந்து வருகிறது. அதனாலேயே யாரும் அதற்குப் பதில் சொல்வதில்லை. "சரிங்க, பார்த்துக்கறேன்" என்று தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அப்படி நகர்ந்து நகர்ந்தே அது கேள்வி கேட்க ஆளில்லாத ஊர் நியாயமாகிவிட்டது. சித்தூர் – திருப்பதிச் சாலையில் சைக்கிள் மிதிக்கிறவன் என்ற முறையில் அதை மறுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. குளிர்காலத்தில் இந்த ஊர்க்காரர்களுக்குப் பெரிய ஆபத்து போர்வைக்குள்தான் இருக்கிறது. உடம்பைக் காப்பாற்றுவதாகச் சொல்லிக்கொண்டு நாம் காப்பாற்றிவருவது சொகுசை. அந்தச் சொகுசோ நம்மால் தாங்க முடிகிற எல்லையை வருஷத்துக்கு வருஷம் குறுக்கிக்கொண்டே வருகிறது.

முதலில், எதைக் குளிர் என்கிறோம்? டிசம்பர், ஜனவரி விடியற்காலைகளில் திருப்பதியில் வெப்பமானி சாதாரணமாக 18, 19, 20 டிகிரி காட்டும். சித்தூர் கொஞ்சம் மேட்டில் இருப்பதால் அங்கே ஓரிரு டிகிரி குறையலாம். மதனப்பள்ளி, ஹார்ஸ்லி மலைப் பக்கம் இன்னும் குறையும். சமவெளியில் குளிர் அலை என்று அறிவிக்க இந்திய வானிலை ஆய்வுத் துறை வைத்திருக்கும் முதல் நிபந்தனையே, குறைந்தபட்ச வெப்பநிலை 10 டிகிரிக்கோ அதற்குக் கீழேயோ இறங்க வேண்டும் என்பது. திருப்பதி சாதாரணமாக அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில்கூடப் போவதில்லை. காலை ஒன்பது மணிக்கு வெயில் சுளீரென்று அடிக்கும். மதியம் 28, 29 டிகிரி. வட இந்தியாவில் இதை வசந்த காலம் என்று கொண்டாடுவார்கள்.

இதே 18 டிகிரிக்கு இந்த ஊரில் வேறொரு மரியாதையும் உண்டு. மே மாதத்தில் வெயில் 40ஐத் தொடும்போது ஏசி ரிமோட்டை எடுத்து எத்தனையில் வைக்கிறோம்? நட்சத்திரக் குறியீடு பெற்ற ஏசிகள் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்று 2020 ஜனவரியிலிருந்து மத்திய அரசின் விதி இருக்கிறது. ரிமோட் கைக்கு வந்ததும் முதல் வேலையாக அந்த 24ஐ 18க்கு இறக்குகிறோம். விடிய விடிய அதில் தூங்குகிறோம். குழந்தையையும் பக்கத்தில் படுக்கவைத்துக்கொள்கிறோம். கரண்ட் பில் கட்டி வாங்கினால் 18 டிகிரி சுகம், மார்கழி இனாமாகக் கொடுத்தால் அதே 18 டிகிரி நோய். இரண்டிலும் காற்றின் குளிர்ச்சி ஒன்றுதான். ஒன்றில் படுத்திருக்கலாம், மற்றொன்றில் எழுந்திருக்க வேண்டும். நம் பயம் அந்த எழுந்திருத்தலைப் பற்றியது.

சரி, சளிக்கு வருவோம். ஜலதோஷம் வைரஸால் வருகிறது என்பது பள்ளிக்கூடப் பாடம். ஆனாலும் குளிர் அதற்குக் கதவைத் திறந்துவிடுகிறது என்ற நம்பிக்கை உலகம் முழுக்க இருக்கிறது. இங்கிலாந்தில் சாலிஸ்பரிக்கு அருகே ஜலதோஷத்தை ஆராய்வதற்கென்றே 1946 முதல் 1989 வரை ஒரு நிலையம் நடந்தது. தாமாக முன்வந்தவர்களைக் குளிக்கவைத்து, உடம்பைச் சரியாகத் துடைக்கவிடாமல் காற்றடிக்கும் நடையில் நிற்கவைத்துப் பார்த்தார்கள். சிலர் மூக்கில் வைரஸை விட்டும் பார்த்தார்கள். வெறும் குளிர் மட்டும் பட்டவர்களுக்கு ஜலதோஷம் வரவில்லை. வைரஸ் விடப்பட்டவர்களிலும், நடுங்கியவர்களுக்கு அது கூடுதலாக வந்தது என்று நிறுவ முடியவில்லை.

எதிர்த்தரப்புக்கு இதில் ஒரு நல்ல சாட்சி உண்டு, அதை மறைப்பது நியாயமில்லை. 2005இல் வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் 90 பேர் வெறுங்காலைக் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் வைத்திருந்தார்கள். இன்னொரு 90 பேர் காலிப் பாத்திரத்தில் கால் வைத்திருந்தார்கள். அடுத்த சில நாட்களில் முதல் கூட்டத்தில் 13 பேரும் இரண்டாம் கூட்டத்தில் 5 பேரும் ஜலதோஷம் என்றார்கள். ஏற்கெனவே உள்ளே இருந்த வைரஸ், உடம்பு சில்லிட்டதும் தலைதூக்கியிருக்கலாம் என்பது ஆராய்ந்தவர்களின் விளக்கம். அப்படியே ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த 90 பேரும் செய்தது என்ன? காலைத் தண்ணீரில் போட்டுக்கொண்டு நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். குளிரில் உட்கார்ந்திருப்பது நல்லதில்லை என்று அந்தச் சோதனை சொல்கிறது. அதைத்தான் நானும் சொல்கிறேன்.

மிதிக்கிற உடம்பின் கணக்கு வேறு. மனித உடம்பு செலவழிக்கும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கோ நாலில் ஒரு பங்கோதான் மிதிகட்டைக்குப் போகிறது. மீதி முழுக்க வெப்பம். மிதிகட்டையில் 100 வாட் கொடுப்பவர் 300 வாட்டுக்குக் குறையாமல் சூட்டை வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறார். சும்மா உட்கார்ந்திருப்பவர் உடம்பில் மொத்தமே சுமார் 100 வாட்தான். எனவே பூதலப்பட்டு தாண்டுவதற்குள் ஸ்வெட்டரைக் கழற்றி ஹேண்டில்பாரில் முடிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. குளிர் என்ற பேச்சே அதற்குப் பிறகு கிடையாது.

சைக்கிள்காரனுக்குக் குளிர் உண்மையிலேயே உறைக்கும் இடம் ஒன்று இருக்கிறது. அது எச்சரிக்கைப் பட்டியல்களில் வருவதில்லை. திருப்பதியிலிருந்து பீலேரு போகும் வழியில் பாக்கராபேட்டை கணவாயை ஏறி முடிக்கும்போது முதுகு தொப்பலாக நனைந்திருக்கும். திரும்பி இறங்கும்போது மிதிக்க வேண்டியதில்லை, எதிர்க்காற்றும் சேர்ந்துகொள்ளும், வேர்வை மொத்தமும் சட்டைக்குள் பனிக்கட்டியாகும். பிரேக் பிடிக்கும் விரல்கள் மரத்துப்போகும். இதற்கு வைத்தியம் மேலே டீக்கடையிலேயே இருக்கிறது. பஜ்ஜி மடிக்க வைத்திருக்கும் பழைய பேப்பரில் நாலு தாள் கேட்டு வாங்கி, இரண்டாக மடித்து, சட்டைக்குள் நெஞ்சோடு ஒட்டினாற்போல் செருகி, மேல் பட்டன்வரை போட்டுக்கொள்ள வேண்டும். காற்று உள்ளே நுழையாது. கீழே இறங்கி உருவி எடுத்தால் தாள் ஈரத்தில் தொய்ந்திருக்கும், தலைப்புச் செய்தியின் மை பனியனில் ஏறியிருக்கும். ஐரோப்பாவின் மலைச் சைக்கிள் பந்தயங்களில் ஓட்டியவர்கள் பல தலைமுறையாகச் செய்த வித்தை இது. நாலு தாளில் தீரும் பிரச்சினைக்கு மூன்று மாதம் வீட்டுக்குள் கிடப்பது எந்த ஊர் மருத்துவம்?

"பனி தலையில் இறங்கும்" என்ற வாக்கில் ஓர் உண்மை இருக்கிறது. அதைச் சொல்பவர்களுக்கே அது தெரியாது. சித்தூர் – திருப்பதிச் சாலையில் கடங்கி என்றொரு ஊர். 1992இல் அங்கே ராடார் நிலையமாகத் தொடங்கியதுதான் இன்றைய தேசிய வளிமண்டல ஆராய்ச்சி ஆய்வகம். அங்கே ஆராயப்படும் விஷயங்களில் ஒன்று, தரையை ஒட்டிய காற்றடுக்கு இரவும் பகலும் எப்படி உயர்ந்து தாழ்கிறது என்பது. மேகமில்லாத குளிர்கால இரவில் தரை சீக்கிரம் குளிர்கிறது, அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துப் படிகிறது. மேலே இருக்கும் காற்று சற்று வெதுவெதுப்பாக இருப்பதால் கீழே உள்ள புகை மேலே ஏற வழியின்றித் தேங்குகிறது. பாகாலா, பூதலப்பட்டுப் பக்கம் கரும்புச்சாறு காய்ச்சும் வெல்லக் கொட்டகைப் புகை, தெருமுனையில் குப்பை எரிக்கும் புகை, போகியன்று டயர் எரிக்கும் புகை எல்லாம் விடியற்காலையில் நம் மூக்கு உயரத்திலேயே நிற்கிறது. தலையில் இறங்குவது இதுதான். வெயில் ஏறித் தரை சூடானதும் இது கலைந்துவிடும். ஆகவே ஆஸ்துமாக்காரர்களுக்கு நான் சொல்வது, ஐந்து மணிக்குக் கிளம்பாதீர்கள், ஏழு மணிக்கு மேல் கிளம்புங்கள் என்பது. புகைக்கு மருந்து நேரத்தை மாற்றுவதும், குப்பை எரிப்பதை நிறுத்துவதும். மங்கி கேப் போட்டால் புகை வடிகட்டப்படாது.

மாரடைப்புக் குற்றச்சாட்டு இவை எல்லாவற்றையும்விடக் கனமானது. அதைச் சிரித்துத் தள்ள முடியாது. குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்கும், ரத்த அழுத்தம் ஏறும். இந்தியாவில் 2001 முதல் 2013 வரையிலான மரணங்களை ஆராய்ந்து 2018இல் வெளியான ஓர் ஆய்வு, நோயால் நேர்ந்த சாவுகளில் சுமார் 6 சதவீதத்தை மிதமான குளிரோடு தொடர்புபடுத்தியது. கடும் வெயிலின் பங்கைவிட இது அதிகம். உலக அளவிலான ஆய்வுகளும் இதே திசையைத்தான் காட்டுகின்றன. எதிர்த்தரப்பின் கையில் உள்ள நிஜமான ஆயுதம் இது.

ஆனால் அந்த ஆயுதத்தின் கூர் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். 1997இல் லான்செட் மருத்துவ இதழில், ஐரோப்பாவின் பல பகுதிகளை ஒப்பிட்டு யூரோவின்டர் குழுவினர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். குளிர் ஒவ்வொரு டிகிரி கூடும்போதும் சாவு எங்கே அதிகம் ஏறுகிறது? உறைபனி நாடான பின்லாந்தில் என்று நினைப்போம். இல்லை. குளிர்காலம் மிதமாக இருக்கும் ஏதென்ஸ் போன்ற இடங்களில்தான் அதிகம் ஏறியது. அதோடு சேர்ந்து காணப்பட்டவை: சூடில்லாத அறைகள், குளிருக்கு ஏற்ற உடுப்பு இல்லாமை, வெளியே போனால் உடம்பை அசைக்காமல் நின்று நடுங்குவது. அதாவது குளிரைத் தெரிந்து பழகிய ஊரில் குளிர் குறைவாகக் கொல்கிறது, அதைக் கண்டு ஒளிந்த ஊரில் அதிகமாகக் கொல்கிறது. நம் முதியவர்களுக்கு மார்கழியில் நல்ல கம்பளி, கதவிடுக்கில் காற்று வராத அறை, நேரத்துக்குப் பிரஷர் மாத்திரை வேண்டும். இதயக் கோளாறு உள்ளவர் டாக்டரைக் கேட்காமல் மேடு ஏறக் கூடாது. யாராக இருந்தாலும் முதல் பத்து நிமிடம் மெதுவாக மிதிக்க வேண்டும். இவ்வளவும் சொல்லலாம், சொல்ல வேண்டும். நாற்பது வயது ஆரோக்கியமான ஆளை மூன்று மாதம் சோபாவில் உட்காரவைக்க அந்த ஆய்வுகளில் ஒரு வரிகூட இடம் தரவில்லை.

சோபா என்ன செய்யும் என்பதற்கும் சாட்சிகள் இருக்கின்றன. 1966இல் அமெரிக்காவின் டல்லஸ் நகரில் 20 வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்தார்கள். அவர்கள் உடம்பு ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்சத்திறன் கால் பங்குக்கு மேல் சரிந்தது. முப்பது வருஷம் கழித்து அதே ஐந்து பேரைத் தேடிப் பிடித்துச் சோதித்தார்கள். ஐம்பது வயதில் அவர்கள் இழந்திருந்த திறன், இருபது வயதில் அந்த மூன்று வாரத்தில் இழந்ததைவிடக் குறைவு. முப்பது ஆண்டு முதுமை செய்யாத சேதத்தை மூன்று வார ஓய்வு செய்திருக்கிறது. அதற்கும் முன்பே, 1953இல், லண்டன் மாடி பஸ்களின் ஊழியர்களை ஆராய்ந்த ஜெரி மாரிஸ், நாள் முழுக்க உட்கார்ந்து ஓட்டும் டிரைவர்களைவிட, மாடிப்படி ஏறி இறங்கி டிக்கெட் கொடுக்கும் கண்டக்டர்களுக்கு இதய நோய் குறைவு என்று காட்டினார். இரு தரப்பும் ஒரே பஸ்ஸில், ஒரே லண்டன் குளிரில் வேலை பார்த்தவர்கள்.

நம் நாட்டு நிலவரம் இன்னும் மோசம். போதிய உடலுழைப்பு இல்லாத பெரியவர்கள் 2000இல் இந்தியாவில் 22 சதவீதம், 2022இல் 49 சதவீதம் என்று லான்செட் குளோபல் ஹெல்த் இதழின் 2024 ஆய்வு மதிப்பிட்டது. பெண்களில் இது 57 சதவீதம். சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கு மேல் என்று 2023இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் ஆய்வு சொன்னது. சித்தூரில் எந்தத் தெருவில் நின்று கல்லெறிந்தாலும் சர்க்கரை மாத்திரை போடும் ஒருவர் வீட்டில்தான் விழும். பனி தலையில் இறங்கிப் போனவர் என்று ஒருவரை எனக்குக் காட்டுங்கள், பார்ப்போம்.

குளிருக்கே மருத்துவ குணம் உண்டு என்று கிளம்பியிருக்கும் புதிய கூட்டத்துக்கும் இங்கே ஒரு வார்த்தை. ஐஸ் தொட்டியில் முங்கி வீடியோ போடுவது, "சொகுசுதான் எதிரி" என்று மேடையில் முழங்குவது என் கட்சி இல்லை. நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரில் 2015இல் ஒரு சோதனை நடந்தது. சர்க்கரை நோயாளிகள் எட்டு பேரைப் பத்து நாள், தினமும் ஆறு மணி நேரம், 14–15 டிகிரி அறையில் இருக்கவைத்தார்கள். இன்சுலின் வேலை செய்யும் திறன் 40 சதவீதத்துக்கு மேல் கூடியது. ஐஸ் தொட்டிக்காரர்கள் இதைக் கொண்டாடினார்கள். அதே குழு 2021இல் நோயாளிகளை நடுங்கவிடாமல் கொஞ்சம் கூடுதல் சூட்டில் வைத்துப் பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. முதல் தடவை வேலை செய்தது நடுங்கிய தசைகள் என்றே அதிலிருந்து தோன்றுகிறது. தசைக்கு வேலை கொடுக்க நடுங்கித்தான் ஆக வேண்டுமென்பதில்லை, மிதித்தாலும் போதும். குளிரை நான் வழிபடவில்லை. வேர்க்காமல் ஒரு மணி நேரம் உழைக்க இந்த மண்ணில் கிடைக்கும் அபூர்வமான காற்று என்றுதான் அதற்காக வாதாடுகிறேன்.

லாரி விஷயத்துக்கு வந்தால், இங்கே எதிர்த்தரப்பு சொல்வது முழு உண்மை. 2022இல் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் செத்தார்கள். சந்திரகிரி அருகே சுவர்ணமுகிப் பள்ளத்தில் மூடுபனி கட்டிய காலையில், பின்னால் வரும் வண்டிக்குச் சைக்கிள் என்பது கடைசி நொடியில் தெரியும் ஒரு நிழல். நெடுஞ்சாலை ஓரத்தில், சைக்கிள் போக வேண்டிய இடத்தில், விளக்கு இல்லாமல் டிப்பர் நிற்கும். அதைச் சுற்றிக்கொண்டு போக நடுச்சாலைக்கு வர வேண்டும். ஆனால் இந்த ஆபத்தைக் குளிர் கொண்டுவரவில்லை. வேகமும், விளக்கில்லாமையும், ஓரத்தை ஆக்கிரமித்த வண்டிகளும் கொண்டுவந்தன. ஆடி மாதத்து இரவிலும் அவை அங்கேதான் இருக்கின்றன. பின்லாந்தின் ஓலு நகரில் பள்ளிப் பிள்ளைகள் உறைபனியில் சைக்கிளில் போகிறார்கள் என்றதும் அவர்கள் ரத்தமே வேறு என்று நாம் வியக்கிறோம். ரத்தம் ஒன்றும் வேறில்லை. காலையில் கார்ச்சாலைக்கு முன்பே சைக்கிள் பாதையில் பனியை வாரிவிடுகிறார்கள். நம் ஊரில் "ஆபத்து, போகாதே" என்பவர்களில் ஒருவராவது, அந்த டிப்பரை அங்கே நிறுத்தக் கூடாது என்று கலெக்டருக்கு ஒரு மனு எழுதியதுண்டா? ஆபத்தைக் காட்டிச் சைக்கிளை நிறுத்திவிட்டு அதே ஆள் காரில் கிளம்பும்போது, சாலையில் ஆபத்து ஒன்று கூடுகிறது.

அது இருக்கட்டும், இந்த ஊர் குளிரைத் தாங்காத ஊருமில்லை. மார்கழியில் திருமலையில் சுப்ரபாதத்துக்குப் பதில் திருப்பாவை ஒலிக்கும். அதைக் கேட்க, சுமார் 850 மீட்டர் உயரத்தில், திருப்பதியைவிடக் கூடுதலான குளிரில், விடியுமுன்பே நம் ஜனங்கள் ஈரத் தலையோடு நிற்கிறார்கள். அலிபிரியில் வெறுங்காலோடு 3,550 படி ஏறுகிறார்கள். ஸ்ரீவாரி மெட்டு வழியில் 2,388 படி. எழுபது வயதுப் பாட்டிகள் ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் குங்குமம் வைத்துக்கொண்டே ஏறுவதைப் பார்த்திருக்கிறேன். மேலே போய்ச் சேர்ந்ததும் அவர்கள் முகத்தில் இருப்பது களைப்பு மட்டுமில்லை. எனக்குப் போன் போடும் அத்தையும் அந்தப் படிகளை ஏறியவர்தான். சாமிக்காக என்றால் இந்த உடம்பு குளிரைத் தாங்குகிறது. தனக்காக என்றால் மட்டும் தாங்காது என்று எப்படி முடிவுகட்டினோம்?

மிச்சமிருப்பது கடைசிக் கேள்வி, காரை வைத்துக்கொண்டு எதற்குக் கஷ்டம் என்பது. மற்றதெல்லாம் இதற்குப் போட்ட சட்டைதான். இதை ஏளனம் செய்ய மாட்டேன். இதற்குப் பின்னால் ஒரு நியாயமான வரலாறு இருக்கிறது. முந்தைய தலைமுறை வேறு வழியில்லாமல் மிதித்தது. இன்றும் பனியோடு பனியாகப் பால் கேனைக் கட்டிக்கொண்டு வருகிறவரும், பேப்பர் போடும் பையனும், கரும்பு வெட்டப் போகிற கூலியாளும் குளிர் நல்லதா கெட்டதா என்று விவாதிக்க நேரமில்லாதவர்கள். "நீ சொகுசை விடு" என்று அவர்களிடம் சொல்பவன் மடையன். அவர்களுக்கு வேண்டியது கம்பளியும் கையுறையும் கூடுதல் கூலியும். கஷ்டம் தன்னளவில் புனிதமானது என்று நான் வாதாடவில்லை.

நான் மறுப்பது அந்தக் கேள்வியின் உள்ளே இருக்கும் கணக்கை. உழைக்காமல் இருப்பதே உயர்வு, சம்பாத்தியத்தின் பயன் அசையாமல் இருப்பது என்ற கணக்கு அது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் பல்லாயிரம் கிராமத்துப் பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தது. குவாரியில் கல் உடைத்தவர்களும் விவசாயக் கூலிகளும் அதில் ஏறினார்கள். முட்டி சிராய்த்தது, ஊர் கேலி பேசியது. ஏறியவர்களுக்கோ பஸ்ஸுக்காகவும் ஆண்களுக்காகவும் காத்திருக்கும் வேலை மிச்சமானது. அந்தச் சைக்கிள் அவர்கள் எட்டிப் போகக்கூடிய தூரத்தைப் பெரிதாக்கியது. நமது சொகுசு அதற்கு நேரெதிரான காரியத்தைச் செய்கிறது. முதலில் பத்து கிலோமீட்டர் தூரமாகிறது, பிறகு இரண்டு கிலோமீட்டர். பிறகு தெருமுனைக் கடையே தூரமாகி, தோசைமாவு பாக்கெட்டையும் போனில் ஆர்டர் செய்கிறோம். முதலில் 15 டிகிரி குளிர், பிறகு 18, பிறகு ஃபேன் இரண்டாம் நம்பரில் ஓடினாலே தாங்கவில்லை. இதில் எந்தப் படியிலும் வலி கிடையாது. சொகுசின் ஆபத்தே அது வலிக்காததுதான்.

சித்தூர்க்காரர்களுக்கு இதை விளக்க மாந்தோப்பு ஒன்றே போதும். தோத்தாபுரியை நம்பிக் கூழ் ஆலைகள் ஓடும் மாவட்டம் இது. மழை ஓய்ந்ததும் தோப்புக்காரர் மரத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுவதை நிறுத்திவிடுவார். மரம் கொஞ்சம் வாட வேண்டும், ராத்திரியில் நல்ல குளிர் பட வேண்டும், அப்போதுதான் பூ எடுக்கும். மார்கழியில் மேகம் மூடிக் கதகதப்பாக இருந்துவிட்டால் மரம் இலையாகத் தள்ளிக்கொண்டு நிற்கும், தோப்புக்காரர் முகம் வாடும். மனுஷன் மாமரமில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மரம் வாடாமல் காய்க்காது என்று தெரிந்த அதே மனுஷர் தன் பிள்ளைக்கு மட்டும் பனியே படக் கூடாது என்று காதுவரை மூடி, முக்கால் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பள்ளிக்குக் காரில் கொண்டுபோய் விடுகிறார்.

இந்தக் குறுகலுக்கு மே மாதம் பில் வரும். இந்த ஊரின் நிஜமான கொடுமை வெயில். 2015 மே மாத வெப்ப அலையில் ஆந்திரத்தில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பூமி சூடாகிவரும் காலத்தில் அப்படிப்பட்ட மே மாதங்கள் குறையப் போவதில்லை. இதயமும் நுரையீரலும் உழைத்துப் பழகிய உடம்பு வெயிலை நன்றாகத் தாங்கும், சீக்கிரமும் அதிகமாகவும் வேர்த்துத் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும் என்பது உடலியலில் ஐயமில்லாத செய்தி. வெயிலுக்கு உடம்பு பழக ஏறத்தாழ இரண்டு வாரம் பிடிக்கும். ஆனால் அசைந்தே பழகாத உடம்பை எடுத்துக்கொண்டு சித்திரையில் அந்தப் பழக்கத்தைத் தொடங்க முடியாது, தொடங்கினால் ஆபத்து. டிசம்பரில் தொடங்கியவருக்கு மாசி, பங்குனி வெயில் ஒவ்வொரு டிகிரியாக ஏற, உடம்பும் கூடவே ஏறும். குளிருக்கு ஒளிந்தவர் நேராக 40 டிகிரியைச் சந்திப்பார். சந்திக்கப் பயந்து ஏசிக்குள் போவார். அந்த ஏசி உள்ளே இழுத்த சூட்டை வெளியே, தெருவில் போகும் பால்காரர் மேல் ஊதும். பிற்பகல் மூன்று மணிக்கு கரண்ட் போனால் உள்ளே இருப்பவர் கதி என்ன?

ஆகவே என் ஆலோசனை சிக்கனமானது. ஏழு மணிக்கு மேல் கிளம்புங்கள். முன்னும் பின்னும் விளக்கு மாட்டுங்கள். கழற்ற வசதியாக ஒரு ஸ்வெட்டர், இறக்கத்துக்கு நாலு தாள் பேப்பர். பிரஷர் இருந்தால் முதலில் டாக்டரைப் பாருங்கள். சாலையோரத்து டிப்பருக்கு எதிராக மனுப் போட ஆள் சேருங்கள், முதல் கையெழுத்து என்னுடையது. இதற்கு மேல் குளிரைப் பற்றி யோசிக்க ஒன்றுமில்லை.

ஏனென்றால் குளிரைக் காரணம் காட்டுகிறவர் குளிரோடு நிறுத்துவதில்லை. பங்குனி வந்தால் வெயில் என்பார், ஆடியில் காற்று என்பார், ஐப்பசியில் மழை என்பார். அவர் பஞ்சாங்கத்தில் சைக்கிளுக்கு நல்ல மாதம் என்று ஒன்று கிடையாது. சித்தூருக்கும் திருப்பதிக்கும் இயற்கை வருஷத்தில் ஒதுக்கிக் கொடுத்திருக்கும் நல்ல மாதங்கள் இரண்டோ மூன்றோதான். அவற்றையே பயப்பட வேண்டிய காலம் என்று நாமே எழுதிவைத்துக்கொண்டால், மிச்சமுள்ள மாதங்களில் இந்த உடம்பைக் காப்பாற்ற எந்தக் குல்லாவாலும் முடியாது.